கறுப்புக் கட்டம் போட்ட போஸ்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் இதைச் சொல்லித்தான் தெருவில் என்னை அறிமுகம் செய்து வைத்தார். அந்தக் கோபம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் எனக்கு இடமே இருந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கம். திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருந்த ஒரு பஞ்சாலையில் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். சின்னக் கண்டுகளில் வருகிற நூலைப் பெரிய கோன்களில் சுற்றுகிற பிரிவு அது. மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றும். நூல் அறுந்தால் ஓடிப்போய்ப் பிடித்து முடிச்சுப் போட வேண்டியது எங்கள் வேலை. முழுக்கப் பெண்கள். வீட்டுக்குப் போகும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தும்முவார்கள்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் கேட் மீட்டிங். சங்கத்துச் செயலாளரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு பழுப்பு உறையைத் தூக்கிக் காட்டினார். வெளிநாட்டில் இருக்கிற தொழிற்சங்கச் சம்மேளனத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாடு. அங்கே ஒரு பஞ்சாலையில் சங்கம் ஆரம்பித்ததற்காக ஒரு பெண்ணை ஜெயிலில் போட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஏழு மாதமாக அவளை யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்பது அவளைப் பெற்ற தாய்க்கே தெரியாது. ஊர் ஊராக உள்ள சங்கங்கள் எல்லாம் அந்த நாட்டு அதிபருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு போட்டோவும் இருந்தது. முப்பது வயது இருக்கும். சுருட்டை முடி, முன்பல் லேசாக எடுப்பு.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "நம்ம போனஸுக்கே வழியக் காணோம். ஊர் பேர் தெரியாத பொம்பளைக்கு மனு எழுதப் போறாகளாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தபடி உறையை மடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ என்ன வேலை பாத்தான்னு போட்டிருக்குண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் மறுபடி பிரித்துப் பார்த்தார். "வைண்டிங்மா."

"கேட்டுக்கிட்டீகளா? அவ கையிலயும் எங்க கையில இருக்க மாதிரிதான் நூல் அறுத்த தழும்பு இருக்கும். நாளைக்கு என்னையத் தூக்கிட்டுப் போனாலும் இப்பிடித்தான் நின்னு சிரிப்பீகளா?"

அண்ணன் ரொம்ப நிதானமாக அந்த உறையை என் கையில் வைத்தார். "நீ பதினொண்ணு வரைக்கும் படிச்சவ. இங்கிலீசும் தெரியும். நீயே எழுதிரும்மா." மாட்டிக்கொண்டேன்.

எழுதலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த வம்பு. மரியாதையாக எழுத வேண்டும், திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது என்று சுற்றறிக்கையில் கோடு போட்டுச் சொல்லியிருந்தார்கள். அவளைக் கோர்ட்டில் நிறுத்துங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டுமாம். எங்கள் அண்ணனுக்கோ அப்படி எழுதியே பழக்கம் இல்லை. மாதிரிக்கு என்று அவர் எழுதிக் கொடுத்த முதல் வரியில் 'கொடுங்கோல் அரசே' இருந்தது, இரண்டாவது வரியில் 'எச்சரிக்கிறோம்' இருந்தது. நான் இரண்டையும் அடித்துவிட்டு, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரி ஆரம்பித்தேன். ஐயா, வணக்கம், மதுரையில் பஞ்சாலையில் வேலை செய்யும் நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது என்னவென்றால்.

என் பக்கத்து மெஷின்காரியிடம் வாசித்துக் காட்டினேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம், எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். "ஏண்டி, குடுமியப் பிடிச்சு ஆட்ட வேண்டியவனுக்குக் கும்பிடா போடுற?" என்றாள். "அவ உசுரு அவங்கிட்டதானேக்கா இருக்கு" என்றேன்.

கடிதத்தை இங்கிலீசில் பெயர்த்து, தல்லாகுளத்தில் கோர்ட் பக்கம் டைப் அடிக்கிறவரிடம் கொடுத்து அடித்தாகிவிட்டது. ஆனால் கையெழுத்து? ஒரு வாரம் நாயாய் அலைந்தும் ஒரு தாள்கூட நிரம்பவில்லை. முகம்கூடப் பார்க்காத ஆளுக்காக யார் கையெழுத்துப் போடுவார்கள்? அப்போது அண்ணன்தான் சொன்னார், "போஸ்டர் அடிக்காம மதுரையில எந்தக் காரியம்மா நடந்திருக்கு?"

உண்மைதான். எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் போஸ்டர், கல்யாணத்துக்குப் போஸ்டர், செத்தால் போஸ்டர், பதினாறாம் நாளுக்கு இன்னொரு போஸ்டர். சுவரைப் பார்த்தாலே யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்துவிடும். நான் உட்கார்ந்து, உருகி உருகி வாசகம் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதையும் போட்டோவையும் கொண்டுபோய், மேலமாசி வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் அச்சகம் வைத்திருந்த பாயிடம் கொடுத்தோம். தொழிலில் ரொம்பச் சுத்தமான மனுஷர். ஒரு எழுத்து கோணலாக இருந்தாலும் மிஷினை நிறுத்திவிடுவார். "ஜம்முனு போட்டுத் தாரேன் தங்கச்சி, நீங்க போங்க" என்றார்.

சங்கத்து ஆட்கள் விடியற்காலையில் ஒட்டி முடித்துவிட்டார்கள். நான் முதல் ஷிஃப்ட்டுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மில் கேட்டில் ஒரே கூட்டம். ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் பக்கத்து மெஷின்காரி தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள்.

"போய்ட்டியே என் தங்கமே! மகராசி முகத்த ஒருக்காகூடப் பாக்கலையே!"

சுவரைப் பார்த்தேன். நடுவில் அந்தப் பெண்ணின் படம். சுற்றிலும் விரற்கடை அகலத்துக்குக் கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே பெரிய எழுத்தில் 'உன்னை என்றும் மறவோம்'. இதில் கொடுமை என்னவென்றால், மில் மேனேஜர் காரை நிறுத்தி இறங்கி, போஸ்டருக்கு முன்னால் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றுவிட்டுப் போனாராம். எந்தப் பிரிவு என்று வேறு வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார்.

"அக்கா, எந்திரி! அவ சாகல!" என்று கத்தினேன்.

ஒப்பாரி பாதியில் நின்றது. "என்னாது?"

"சாகலக்கா. அச்சடிச்சவரு தப்பா அடிச்சுட்டாரு. அவ உசுரோட இருக்கணும்னுதான் நாம கேக்கப்போறோம்!"

அவள் மூக்கைச் சிந்தினாள். முதலில் என்மேல்தான் பாய்ந்தாள். "அடிப் பாதகத்தி, உசுரோட இருக்கவளுக்கா நான் இம்புட்டு நேரம் மாரடிச்சேன்?" பிறகு போஸ்டரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அழுது தீத்துட்டேன்டி. இனிமே அவ எனக்கு ஒறமுறை. அந்தத் தாளைக் கொண்டா, கைநாட்டு எங்க வைக்கணும்?"

அவளுக்கு எழுதத் தெரியாது. மையைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அழுதவர்கள் எல்லோரும் நின்றார்கள். போனஸ் பற்றிக் கத்திய ஆளும் நின்றார், என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாக உள்ளே போனார். அந்தப் பெண்ணின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அன்றிலிருந்து அவள் எங்களுக்கு வைண்டிங் அக்கா.

ஷிஃப்ட் முடிந்ததும் அச்சகத்துக்குச் சண்டைக்குப் போனேன். பாய் என்னைக் கத்தவிட்டு, நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார்.

"இதப் படிங்க தங்கச்சி. 'உன் முகம் எங்கள் கண்ணை விட்டு அகலாது. உன்னை என்றும் மறவோம். வருத்தத்துடன் பஞ்சாலைத் தொழிலாளர்கள்.' உசுரோட இருக்கவங்களுக்கு யாராச்சும் இப்பிடி எழுதுவாகளா? மவுத்தாயிட்டாகன்னுதான் நெனச்சேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன், என் எழுத்தேதான். கடைசியில், "அப்ப அந்த விளக்கு, பாய்?" என்றேன்.

"அது நானா வச்சேன். சின்ன வயசுப் பிள்ளையா இருக்கேன்னு மனசு கேக்கல."

அடுத்த நாளே அவராக வேறொரு போஸ்டர் அடித்துத் தந்தார். கறுப்புக் கட்டம் இல்லாமல், 'இவர் உயிருடன் இருக்கிறார், கையெழுத்திடுவீர்' என்று. என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பஸ் பூரா உங்க பேச்சுதான். நேத்து எப்ப எடுக்குறாகன்னு கேட்டாங்க. இன்னைக்கு எப்பிடிப் பொழச்சான்னு கேக்குறாங்க."

கையெழுத்துத் தாள்கள் ஒரு கட்டுச் சேர்ந்தன. எல்லாவற்றையும் சம்மேளனத்துக்கு அனுப்பினால் அவர்கள் அந்த நாட்டு அரசாங்கத்திடம் சேர்ப்பார்கள். தாள் கசங்காமல் இருக்க மேலே ஏதாவது சுற்ற வேண்டுமே? சங்க ஆபீசில் முதல் போஸ்டர் மிச்சம் குவிந்து கிடந்தது. நல்ல தடித் தாள், வீணாகிறதே என்று ஒன்றை எடுத்துச் சுற்றினேன். எங்கள் வீடுகளில் பழைய தாளைத் தூக்கி எறிகிற பழக்கம் கிடையாது. தல்லாகுளம் தபாலாபீசில் விமானத் தபாலில் சேர்த்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் பால்பன் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்துச் சங்க ஆபீசுக்குத் தந்தி வந்தது. தந்தி என்றாலே எங்களுக்குச் சாவுச் சேதிதான். அண்ணன் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார். 'அவர் இறந்த செய்தி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? உடனே தெரிவிக்கவும்.'

இரண்டு தடவை படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஆபீசில் தமிழ் படிக்க ஆள் ஏது? படத்தைப் பார்த்திருக்கிறார்கள், கறுப்புக் கட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், விளக்கைப் பார்த்திருக்கிறார்கள். கடிதம் எழுதிய பிறகு அவள் இறந்த சேதி எங்களுக்கு வந்துவிட்டது என்றுதானே நினைப்பார்கள்? "சாகவில்லை, அச்சகத் தவறு, மன்னிக்கவும்" என்று பதில் தந்தி கொடுத்தோம். பாவம், பாய்மேல் பழியைப் போட்டுவிட்டேன். முழு உண்மையையும் எழுத அந்தத் தாளில் இடம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு ஒரே நினைப்புதான். அந்தத் தாய் காதில் இது விழுந்திருக்குமே! மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் ஏழெட்டு மாதம் தவித்தவளுக்கு, மதுரையிலிருந்து நான் ஒருத்தி விளக்கேற்றி அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினில் நூல் அறுந்து தொங்குவதுகூடத் தெரியாமல் நின்று மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன், திருப்பித் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் பக்கத்து மெஷின்காரி பயந்துபோனாள். "இவளுக்கு என்னமோ ஆகிப்போச்சு, கோயில்ல மந்திரிச்சு விடுங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்துத் தடிமனாக ஒரு கடிதம் வந்தது. சங்க ஆபீசில் அண்ணன், பக்கத்து மெஷின்காரி, இன்னும் நாலைந்து பேர் சுற்றி நிற்க, நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எங்கள் தந்தி போய்ச் சேருவதற்கு முன்பே காரியம் கைமீறிவிட்டது. அவள் இறந்தது உண்மையா என்று சம்மேளனம் அந்த அரசாங்கத்திடம் பகிரங்கமாகக் கேட்டுவிட்டது. பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. தாய் காதில் விழுந்தது. அந்த அம்மாள் கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு, மில் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஜெயில் வாசலுக்குப் போய், "என் மகளின் உடலைக் கொடுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார்.

எங்கிருந்து கொடுப்பார்கள்? அவள்தான் உயிரோடு இருக்கிறாளே! இரண்டு நாள் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் கலையவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அவளைக் கொண்டுவந்து தாய்முன்னால் நிறுத்தினார்கள். இளைத்திருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆனால் நின்றாள், பேசினாள், தாயைத் தொட்டாள். தாய் வைத்திருந்த வக்கீலும் கூட இருந்து பார்த்தார். இனி அவளை இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

கடைசிப் பத்தியில் எங்களுக்கு ஒரு குட்டு. இனி எந்தப் படத்தை அனுப்புவதானாலும் தயவுசெய்து முன்கூட்டியே தங்களைக் கலந்துகொள்ளுமாறு மிகுந்த மரியாதையுடன் கேட்டிருந்தார்கள். அண்ணன் தலையைச் சொறிந்தார். "இம்புட்டு மரியாதையா ஏச்சு வாங்குனது இதான்மா மொதத் தடவை."

நான் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன். பக்கத்து மெஷின்காரி என் முதுகில் ஒன்று போட்டாள். "ஏண்டி, அவ செத்துட்டான்னு நான் அழுதப்ப கத்துன. இருக்கான்னு தெரிஞ்சதும் நீ உக்காந்து அழுவுற. ஒரு முடிவுக்கு வாடி." அவளுக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

எங்கள் சாமர்த்தியத்தால்தான் இது நடந்தது என்று பின்னாளில் அண்ணன் பல கூட்டங்களில் பேசினார். சாமர்த்தியமும் இல்லை, மண்ணும் இல்லை. நான் ஒரு போஸ்டரைக் கட்டுமேல் சுற்றினேன், அவ்வளவுதான். அந்தத் தாய் வாசலில் உட்காராமல் இருந்திருந்தால் என் முட்டாள்தனம் முட்டாள்தனமாகவே போயிருக்கும்.

பிறகு அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குற்றம் என்று சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. அடுத்த வருஷம் விட்டுவிட்டார்கள். சேதி வந்த அன்று வைண்டிங்கில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். அச்சகத்துக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி வாங்கிக்கொண்ட பாய், "இந்தத் தடவ வாசகம் எதும் எழுதியாந்திருக்கீகளா?" என்று கேட்டார். சந்து முழுக்கச் சிரித்தது.

கொஞ்ச நாளில் அவளே எழுதினாள். இரண்டு பக்கம் அவள் கையெழுத்து, புரியாத மொழி. கூடவே சம்மேளனத்தார் இங்கிலீசில் அடித்து இணைத்திருந்தார்கள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். டீ நேரத்தில் மெஷின்களுக்கு நடுவில் எல்லோரும் வந்து நிற்க, நான் சத்தமாக வாசித்தேன். எங்கள் கட்டைவிரல் ரேகைகளின் நகலைச் சம்மேளனத்தார் தனக்குக் காட்டினார்கள் என்றும், ஒவ்வொன்றின்மேலும் தன் விரலை வைத்துப் பார்த்ததாகவும் எழுதியிருந்தாள். பக்கத்து மெஷின்காரி எல்லோருக்கும் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த பத்தி இப்படி இருந்தது.

'நாங்கள் சங்கம் ஆரம்பித்தது பெரிய விஷயத்துக்காக இல்லை. வயிற்றில் பிள்ளையோடு நாள் முழுக்க நிற்கிற பெண்கள் கொஞ்சம் உட்கார ஒரு பெஞ்சு கேட்டோம். அதற்குத்தான் இவ்வளவும். நான் திரும்பி வேலைக்குப் போனபோது பெஞ்சு போட்டிருந்தார்கள், வாசல் பக்கம். எனக்காக இவ்வளவு செய்த உங்கள் சங்கம் உங்களுக்கு இதை எப்போதோ செய்து முடித்திருக்கும். உங்கள் மில்லில் பெஞ்சை எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள்?'

நான் வாசிப்பதை நிறுத்தினேன். வைண்டிங்கில் பெஞ்சு கிடையாது. ஸ்டூல்கூடக் கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். அந்த நிமிஷம் வரைக்கும் அதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. என் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகாமல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது.

சாயங்காலம் அண்ணன், "பதில் எழுதிப் போட்டிரும்மா, சந்தோஷப்படும்" என்றார்.

"என்னத்தண்ணே எழுதச் சொல்றீக?" என்று கேட்டேன்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு நாங்கள் போனோம். உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள் என்றார். மறுபடி போனோம். இடம் இல்லை என்றார். ஒருநாள் வைண்டிங் முழுக்க மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் எனக்குப் பெண் பிறந்தது. பேறுகால லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி புதுப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, வரப்போகிற முடிச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு உணவு இடைவேளையில் ஏர்மெயில் தாளைப் பிரித்தேன். அவள் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை முதலில் எழுதியது வேறு.

'அக்கா, ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறார்கள்.'